குழலுக்கேற்ற குண்டு

திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தைப் படிப்பிக்கும் நாளிலே, அதன் இரண்டாங் குறளைக் கண்டவுடன் எவனாவது ஒரு குறும்பன் எழுந்து, “வள்ளுவர் காலத்திலும் துப்பாக்கி இருந்ததா, சேர்?” என்று கேட்பது ஆண்டுதோறும் நடப்பதொன்று. அக்குறளில் துப்பு என்பது உணவு. ஆக்கி என்பது உளதாக்கி. உண்பார்க்கு நல்லுணவை விளைவித்து, தானும் உணவாவது மழை என்பதே ஆண்டுப் பொருள். கருவியைக் குறிக்குந் துப்பாக்கியோ துருக்கிய மொழியினின்று வந்து புகுந்த சொல் என்பர். உயிரை வளர்ப்பதும் உயிரைப் போக்குவதுமாகிய இருபொருள்கள் ஓரொலியில் வந்து பொருந்தியமை மொழியின் விளையாட்டேயாகும்.

1983 முதல் 2009 வரை நீடித்த போருக்கிடையே பிறந்தும் வளர்ந்தும் வந்தவர்கள் எம்மிற் பலர். யானும் அவருள் ஒருவன். ஆதலின் துப்பாக்கியைப் பற்றி ஒரு கட்டுரை, அதிலும் நம் கல்லூரியின் நிறைவுவிழா மலரிலே, எழுதுவேன் என்று யான் எண்ணியதில்லை. எனினும் இம்மலர் தொடர்பாகத் தாயகம் வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் எம் உயர்தர வகுப்பு மாணவர்முன் காட்டிய ஒரு தாள், என் மனத்தை மாற்றிற்று. அவர் இங்கிலாந்தில் வாழ்பவர். அங்கே ஒரு சங்கத்தில் உறுப்பினராய், 50 மீற்றர் தூரத்திலுள்ள காகித இலக்கைச் சுடும் விளையாட்டில் ஈடுபடுபவர். கொல்லுதல் இதில் இல்லை. மூச்சையும் கையையும் அடக்கிக் காகிதத்தில் ஒரு புள்ளியைத் தொடுதலே இதன் நோக்கம். ஒலிம்பிக்கிலும் இதற்கு இடமுண்டு.

அவர் தம் பழைய குழலை மாற்றி, றைபிளில் ஒரு புதுக் குழலைப் பூட்டினார். பல ஆண்டு துணைநின்ற அதே வகைத் தோட்டாவை இட்டுச் சுட்டார். குண்டுகள் சிதறின. பின்பு ஆறு வகைத் தோட்டாக்களை வாங்கி, வகைக்கு ஐந்து சூடாகச் சுட்டுப் பார்த்தார். ஒரு வகையின் ஐந்து குண்டுகளும் ஒன்றன்மேலொன்றாய்ப் பாய்ந்து, சிறுவிரல் நகத்தளவே துளைத்தன. மகிழ்ச்சி மிக்கு, அவ்வகையில் 5,000 தோட்டாக்களை ஒருங்கே வாங்கிவிட்டார். அடுத்த வாரம் முதல் அவை மற்றவற்றினும் சிறந்தன அல்ல என்பது தெளிவாயிற்று. எம் மாணவருக்கு அவர் காட்டியது அந்த ஐந்து சூட்டுத் தாளையே. “தாள் பொய் சொன்னதா?” என்று ஒரு மாணவன் வினவினான். அவர் என் பக்கந் திரும்பி, “மாஸ்ரர், தாள் பொய் சொல்லவில்லை. நான்தான் அதனிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பத்து விடை எழுதிக்கொண்டேன்” என்றார்.

இவ்வொரு வாக்கியத்தின் பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நல்ல குழல் எது, நல்ல தோட்டா எது என்று தனித்தனியே கேட்டால் அதற்கு அரைகுறை விடையே கிடைக்கும். இந்தக் குழலுக்கு எந்தத் தோட்டா என்று கேட்டல் வேண்டும். அதற்கு விடை தருவது நூலன்று, விலையன்று, நண்பர் வாக்குமன்று. பொறுமையுடன் செய்யுஞ் சோதனை ஒன்றே.

திருகுவரியின் பயன்

பழைய துப்பாக்கியின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. அதினின்று புறப்படும் உருண்டைக் குண்டு எப்பக்கம் உருளும் என்பது எவர்க்குந் தெரியாது. குழலின் உட்சுவரில் திருகாணியின் புரிபோலச் சாய்ந்த வரிகளை வெட்டினால், குண்டு அவ்வரிகளைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளிப்படும். சுழலும் பம்பரம் விழாது நிற்றல்போலச் சுழலுங் குண்டும் தன் திசை மாறாது செல்லும். இத்தகைய குழல்கள் 1500ஆம் ஆண்டளவில் ஜேர்மானிய நகரங்களிலே தோன்றலாயின. ஆயினும் அதன் காரணத்தை ஆராய்ந்து கூறியவர் இங்கிலாந்துக் கணிதப் புலவர் பெஞ்சமின் றொபின்ஸ் ஆவர். 1742இல் அவர் வெளியிட்ட பீரங்கிக் கலைநூல் அத்துறையைக் கணிதத்தின் வழிப்படுத்திற்று. 1747இல் வரிவெட்டிய குழலின் இயல்பை அவர் றோயல் சங்கத்தாருக்கு எடுத்துரைத்தார்.

அவர் செய்த சோதனையொன்று இன்றும் வியத்தற்குரியது. ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்பக்கம் சிறிது வளைத்துச் சுட்டார். குண்டு இடப்பக்கமே செல்லும் என்பது யாவரும் எதிர்பார்ப்பது. முதலில் அவ்வாறே சென்ற குண்டு, பின்பு வளைந்து வலப்பக்கம் வந்து சேர்ந்தது. வளைந்த குழலின் சுவரில் உராய்ந்து பெற்ற சுழற்சியே குண்டைக் காற்றில் திருப்பிற்று என்பதை இதனால் அவர் நிறுவினார். இப்பெரியார் கிழக்கிந்தியக் கொம்பனியின் பொறியியலாளராய்க் கோட்டைகளைத் திருத்தவென அழைக்கப்பட்டு, தமிழகத்துக் கடலூரை அடுத்த செயின்ட் டேவிட் கோட்டையிலே 1751இல் காய்ச்சலால் உயிர்நீத்தார் என்பது தமிழர் நாம் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பது அடுத்த வினா. குறைந்தால் குண்டு தள்ளாடும். நீண்ட குண்டுக்கு மிகுந்த சுழற்சி வேண்டும். 1879இல் வூலிச்சிலிருந்த பீரங்கிக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் கிறீன்ஹில் என்பார் இதற்கு எளிய வாய்பாடு ஒன்று தந்தார். குண்டின் விட்டத்தை வர்க்கித்து, 150ஆற் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், வரி ஒருமுறை சுற்றிவரவேண்டிய நீளம் கிடைக்கும். நம் பழைய மாணவர் பயன்படுத்துங் குண்டின் விட்டம் ஏறத்தாழ 5.7 மி.மீ.; நீளம் ஏறத்தாழ 12 மி.மீ. கணித்துப் பார்க்கும் மாணவர் 406 மி.மீ. என்னும் விடையைப் பெறுவர். 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதே இவ்வகைக் குழலுக்கு உலகமெங்கும் வழங்கும் அளவு. 16 அங்குலம் 406 மி.மீ. அன்றோ!

முன்னோர் இருவர்

குழலையும் குண்டையும் ஒன்றாக வைத்து ஆராய்தல் வேண்டும் என்பதை உலகுக்குக் காட்டியவர் இயந்திர வல்லுநர் ஜோசப் விற்வேர்த். 1854இல் பிரித்தானிய அரசு படையின் என்பீல்ட் றைபிளை ஆராயுமாறு அவரை வேண்டிற்று. காற்று இடர்செய்யாதபடி மான்செஸ்டரில் தம் இல்லத்துக்கருகே 500 யார் நீளமான மூடிய கூடமொன்றைக் கட்டுவித்து, அதனுள்ளே அவர் சோதனைகளை நடத்தினார். என்பீல்ட் குழலில் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றாயிருந்த வரியை 20 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக்கினார். குழலின் உள்வாயை அறுகோணமாக்கி, அதற்கேற்ற அறுகோணக் குண்டையும் செய்தார். 1860 யூலை 2இல் விம்பிள்டன் வெளியிலே தேசிய றைபிள் சங்கத்தின் முதற் போட்டியைத் தொடக்கிவைத்த விக்டோரியா மகாராணியார், தாங்கியில் நிறுத்தப்பட்ட விற்வேர்த் றைபிளை 400 யார் தூரத்தினின்று இயக்கினார். குண்டு இலக்கின் நடுவினின்று ஒன்றேகால் அங்குல தூரத்திலே பதிந்தது. எனினும் விலை மிகுதியாலும் குழலிற் கரி விரைவில் படிந்தமையாலும் படையினர் அதனை ஏற்றிலர்.

மற்றவர் அமெரிக்க மருத்துவர் பிராங்க்ளின் மான். கோழிக்குத் தீனியாக எலும்பை அரைக்கும் பொறியொன்றைச் செய்து பொருளீட்டிய இவர், அப்பொருளைக் குண்டின் போக்கை ஆராய்வதிற் செலவிட்டார். மனிதக் கையின் நடுக்கம் புகாதபடி கொங்கிறீற்றுத் தூணிலே குழலைப் பொருத்தினார். குண்டு செல்லும் வழியெங்கும் மெல்லிய தாள்களை நிறுத்தி, ஒவ்வொரு தாளிலும் அது பட்ட இடத்தைக் குறித்துக்கொண்டார். 1909இல் அவர் வெளியிட்ட நூல் அவ்வுழைப்பின் பயன். குண்டின் மூக்கைச் சிதைத்தாற் பெருந்தீங்கு விளைவதில்லை, அடிப்பாகத்திற் சிறு ஊறு நேர்ந்தாலோ குண்டு வழிதவறும் என்பது அவர் கண்ட உண்மைகளுள் ஒன்று. கண்ணுக்கு அழகாயிருத்தல் வேறு, நேரே செல்லுதல் வேறு என்பதை இதனால் அறிகின்றோம்.

தோட்டாவின் இயல்பு

நம் பழைய மாணவர் பயன்படுத்துந் தோட்டா ‘பொயின்ற் ரூ ரூ லோங் றைபிள்’ எனப்படுவது. 1887 முதல் வழக்கிலுள்ளது. பித்தளைக் கோது, அதனுள்ளே ஒரு சிட்டிகை வெடிமருந்து, வாயிலே 40 கிறெயின், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம் நிறையுள்ள ஈயக்குண்டு, அதன்மேல் மெழுகுப் பூச்சு, கோதின் அடிவிளிம்பினுள்ளே தீப்பற்றுங் கலவை ஆகியவை இதன் உறுப்புகள். பெரிய றைபிளுக்குத் தோட்டா செய்துகொள்வோர் கோதை மீண்டும் நிரப்பி, மருந்தைக் கூட்டியுங் குறைத்தும் குழலுக்கேற்பத் திருத்திக்கொள்வர். இதிலோ தீப்பற்றுங் கலவை விளிம்பினுள்ளே அடங்கியிருத்தலின், ஒருமுறை சுட்ட கோது மறுமுறை உதவாது. ஆகவே சுடுவோன் திருத்த இயலாது, தேர்ந்தெடுக்கவே இயலும்.

போட்டித் தோட்டாவின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 325 மீற்றர் வேகத்திற் புறப்படும். இது ஒலியின் வேகத்துக்குச் சற்றே குறைந்தது; வேண்டுமென்றே அவ்வாறு வைத்துள்ளனர். ஒலியினும் விரைவாய்ப் புறப்படுங் குண்டு வழியிலே வேகங் குறைந்து ஒலிவேகத்தைக் கடக்கும்போது கலக்கமுறும். 406 மி.மீ.க்கு ஒரு சுற்று வீதம் கணித்தால் இக்குண்டு நொடிக்கு 800 முறை சுழலுவதாகும்.

இங்கே இரண்டு கணக்குகளை மாணவர் மனங்கொள்க. முதலாவது வேகத்தைப் பற்றியது. ஒரு குண்டு நொடிக்கு 320 மீற்றரும், மற்றொன்று 330 மீற்றரும் செல்வனவாயின், மெல்லச் செல்வது வழியிற் சிறிது நேரங் கூடுதலாய் நிற்கும். அந்நேரத்திற் புவி அதனைக் கூடுதலாய் இழுக்கும். 50 மீற்றர் தூரத்தில் இவ்விரண்டுக்குமிடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 7 மி.மீ. ஆகும். இரண்டாவது சமநிலையைப் பற்றியது. ஈயத்தினுள்ளே ஒரு நுண்குமிழி இருந்து, குண்டின் நிறைமையம் அதன் அச்சினின்று ஒரு மி.மீ.யின் நூறிலொரு பங்கு விலகியிருப்பதாகக் கொள்க. நொடிக்கு 800 முறை சுழலும் அக்குண்டு குழலைவிட்டு நீங்குங் கணத்திலே பக்கவாட்டில் எறியப்பட்டு, இலக்கை அடையும்போது ஏறத்தாழ 8 மி.மீ. விலகியிருக்கும். மயிரிழையினும் பன்மடங்கு மெல்லிய பிழை இலக்கிற் கண்ணுக்குப் புலனாகின்றது.

இலக்கிலே பத்துப் புள்ளிக்குரிய வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. மாத்திரமே. குண்டின் ஓரம் வட்டத்தைத் தொட்டாலும் புள்ளி உண்டாதலின், குண்டின் நடு இலக்கின் நடுவினின்று 8 மி.மீ. வரை விலகலாம். பத்தைத் தசமத்தாற் பிரித்து 10.9 வரை புள்ளி வழங்கும் முறையிலோ ஒவ்வொரு 0.8 மி.மீ.க்கும் 0.1 புள்ளி குறையும்.

இக்காரணத்தால் தொழிற்சாலையார் தோட்டாக்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து இலக்கமிடுவர். ஒரே கலவையும் ஒரே மருந்தும் கொண்டு, ஒரே இயந்திரத்தில் தொடர்ந்து செய்யப்பட்டவை ஒரு தொகுதி. மறு தொகுதியிற் கலவையின் ஈரம் சிறிது மாறலாம். குண்டை அழுத்தும் அச்சு சிறிது தேய்ந்திருக்கலாம். பெட்டியின் பெயரும் விலையும் ஒன்றாகவே இருக்கும். உள்ளேயிருக்குந் தோட்டா முற்றும் ஒன்றன்று. சிலர் பெட்டியில் தொகுதி இலக்கத்துடன் அத்தொகுதியின் வேகத்தையும் அச்சிடுவர்.

இணையும் இடம்

நல்ல தோட்டா எல்லாக் குழலிலும் நல்லதாய் இருத்தல் வேண்டுமன்றோ என வினவலாம். குமிழியுள்ள குண்டு எக்குழலிலும் தீயதே. ஆனாற் குற்றமற்ற தோட்டாக்களுக்குள்ளே ஒன்றைக் குழல் ஏற்பதும் மற்றொன்றை மறுப்பதும் உண்டு. ஈயம் மெல்லியது, அது குழலின் வாயில் நுழைந்து வரிகளைப் பற்றும்போது உருமாறும். அவ்வாயின் சரிவும் குழலின் உள்விட்டமும் ஒரே தொழிலாளி ஒரே கருவியாற் செய்த இரு குழல்களிலும் நுண்ணளவில் வேறுபடும். ஒரு தொகுதியின் குண்டு இக்குழலுக்கு இறுக்கமாயும் அக்குழலுக்கு அளவாயும் அமையும். மெழுகும் அவ்வாறே. புதுக் குழலின் உட்பரப்பு எவ்வளவு மெழுகைப் பற்றிக்கொள்ளும் என்பது அக்குழலின் தனியியல்பு.

இதனினும் வியப்பானது அதிர்வு. தோட்டா வெடித்ததும் குழல் வீணைத் தந்திபோல அதிர்கின்றது. குண்டு வெளியேறும் ஆயிரத்திலொரு பங்கு நொடிகளுக்குள்ளே குழலின் நுனி மேலுங் கீழும் அசைகின்றது. நுனி மேலெழுந்துகொண்டிருக்கும் வேளையில் குண்டுகள் வெளிப்படுமாயின், விரைவான குண்டு முன்னதாகவும் தாழ்ந்தும், மெதுவான குண்டு பின்னதாகவும் உயர்ந்தும் புறப்படும். முன்னர்க் கூறிய 7 மி.மீ. வேறுபாடு இவ்வாறு தானே குறைந்துவிடும். நுனி கீழிறங்கும் வேளையில் வெளிப்படுமாயின் அதே வேறுபாடு பெருகும். பிரித்தானியப் படையின் லீ-என்பீல்ட் றைபிள் நெடுந்தூரத்தில் எதிர்பாராத நேர்மையுடன் சுட்டதற்கு இத்தகைய ஈடுசெய்தலே காரணமெனக் கண்டனர்.

ஆகவே ஒரு குழலிற் பரிசுபெற்ற தோட்டா மற்றொரு குழலிற் சிதறுமாயின், அது தோட்டாவின் குற்றமுமன்று, குழலின் குற்றமுமன்று. பொருத்தமே இல்லாதது.

சோதிக்கும் முறை

முதலாவதாக, சுடுவோனின் நடுக்கம் சோதனையிற் புகலாகாது. றைபிளை மேசைமேல் தாங்கியில் வைத்தோ இறுகப் பூட்டியோ சுடுதல் வேண்டும். காற்றில்லாத மூடிய கூடம் நன்று. போட்டித் தோட்டா செய்யும் பெரிய தொழிற்சாலைகளாகிய இங்கிலாந்தின் ஈலி, பின்லாந்துப் பெயர்பெற்ற லாப்புவா முதலியன இதற்கெனவே கூடங்கள் வைத்துள்ளன. வீரர் தம் றைபிளைக் கொண்டுசென்று பல தொகுதிகளைச் சோதித்து, ஏற்றதை அங்கேயே வாங்கிவருவர்.

இரண்டாவதாக, தொகுதி மாற்றும்போது முதற் சில சூடுகளைக் கணக்கிற் சேர்த்தலாகாது. முந்திய தோட்டாவின் மெழுகு நீங்கிப் புதியது குழலிற் படியும்வரை பத்துச் சூடாயினும் விடுதல் நன்று. புத்தம்புதிய குழலாயின் பொறுமை இன்னும் வேண்டும்.

மூன்றாவதே தலையாயது: எத்தனை சூடு? நம் பழைய மாணவர் இடறியது இங்கேதான். ஐந்து சூட்டுக் கூட்டத்தின் அகலம், எல்லாம் மாறாதிருந்தபோதும், சராசரியினின்று கால்பங்களவு கூடியுங் குறைந்தும் வருவது இயல்பு. இதனை மாணவர் இவ்வாறு எண்ணிப் பார்க்கலாம். ஒரே தொகுதித் தோட்டாக்களைப் பத்துப் பெட்டியில் இட்டு, பத்து வேறு பெயர்களை ஒட்டி, ஒருவரிடங் கொடுத்துப் பெட்டிக்கு ஐந்து சூடாகச் சோதிக்கச் சொல்லுங்கள். மிகப் பெரிய கூட்டம் மிகச் சிறிய கூட்டத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்காய் இருக்கும். அவர் ஒரு பெட்டியைப் போற்றுவார், மற்றொன்றை வீசுவார். இரண்டிலும் இருந்தது ஒன்றே.

மேலும், பலவற்றுள் மிகச் சிறந்ததைத் தெரிந்தெடுக்கும்போது, உண்மையிற் சிறந்ததை மட்டுமன்றி அன்று நற்பேறு வாய்த்ததையுஞ் சேர்த்தே தெரிந்தெடுக்கின்றோம். நற்பேறு மறுநாள் உடன்வராது. ஆகவே முதற் சோதனையில் முதலிடம் பெற்றது மறுசோதனையிற் சிறிது தாழ்தல் பெரும்பாலும் நிகழும். இதனைத் தோட்டா கெட்டுவிட்டது என்றோ குழல் தேய்ந்துவிட்டது என்றோ கருதுவோர் மறுபடியும் ஏமாறுவர்.

ஐயத்தைப் பாதியாக்க வேண்டின் சூட்டை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது கணிதத்தின் கட்டளை. இதற்குக் குறுக்குவழி இல்லை. பத்துச் சூடு வீதம் நான்கு கூட்டம், ஆக 40 சூடு, ஒன்றன்மேலொன்றாக வைத்துப் பார்த்தல் நல்ல வழக்கம். முதலிற் பல தொகுதிகளைப் பத்துச் சூட்டினாற் பார்த்து, வெளிப்படையாய்த் தீயவற்றை நீக்குக. எஞ்சிய மூன்று நான்கை மற்றொரு நாளில், வரிசையை மாற்றி, மீண்டுஞ் சோதிக்க. எது எத்தொகுதி என்பதைச் சுடுவோன் அறியாதிருப்பின் மிக நன்று. விருப்பு வெறுப்பு விரலில் வந்து அமரும்.

அளக்கும் முறையிலுங் கவனம் வேண்டும். ஓரத்திலுள்ள இரு துளைகளின் தூரத்தை மாத்திரம் அளப்போர், இடையிலுள்ள குண்டுகளின் சாட்சியைத் தள்ளிவிடுகின்றனர். கூட்டத்தின் நடுவைக் கண்டு, ஒவ்வொரு துளையும் அதினின்று எவ்வளவு விலகியது என்று அளந்து, சராசரி காண்பது நேர்மையான வழி. பத்துச் சூட்டுக் கூட்டம் ஐந்து சூட்டுக் கூட்டத்தினும் கால்பங்களவு அகன்றிருப்பது இயல்பாதலின், ஐந்தையும் பத்தையும் ஒப்பிடலாகாது. ‘ஒரு குண்டு தவறிவிட்டது, அதை விட்டுவிடுவோம்’ என்று தாளிற் பட்டதை விலக்குவதும் ஆகாது. போட்டி நாளில் நடுவர் அதனை விலக்கார்.

இவ்வாறு தெளிந்தபின்பே அத்தொகுதியில் ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ போதுமான தோட்டாக்களை வாங்குதல் தகும். தொகுதி தீர்ந்தால் தேடல் மீண்டுந் தொடங்கும்.

முடிவுரை

பழைய மாணவர் விடைபெற்றபோது அத்தாளை என்னிடமே தந்துசென்றார். தமிழாசிரியன் மேசையில் அதற்கென்ன வேலை என நீங்கள் நகைக்கலாம். அதனைக் காணுந்தோறும் என் முதலாண்டு ஆசிரியப் பணி நினைவுக்கு வருகின்றது. பயிற்சிக் கலாசாலையினின்று புதிதாய் வெளிவந்த யான், முதல் வாரத்தில் எழுதுவித்த ஒரேயொரு கட்டுரையைக் கொண்டு வகுப்பைத் தரம்பிரித்தேன். பின்தங்கியோர் வரிசையிற் சேர்த்த ஒரு மாணவன் அன்று கடுங்காய்ச்சலுடன் எழுதினான் என்பதை மூன்றாந் தவணையிலேதான் அறிந்தேன். அதுவரை அவன் எழுதிய நல்ல வாக்கியங்களையெல்லாம் தற்செயல் என்றே திருத்தினேன். ஒரு தாளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பத்து விடை எழுதிக்கொண்டவன் யானுமன்றோ!

மாணவர் தோட்டாக்கள் அல்லர். பொருந்தாததை ஒதுக்கிவிட்டுப் பொருந்தியதை வாங்கிக்கொள்ளும் உரிமை எந்த ஆசிரியனுக்கும் இல்லை. அங்கே குழலுக்கேற்பக் குண்டைத் தேடுகின்றனர்; இங்கே பிள்ளைக்கேற்ப ஆசிரியனே தன்னைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். ஆயினும் முடிவுகட்டுமுன் பலமுறை பார், வேறுநாளிற் பார், உன் விருப்பை ஒதுக்கிப் பார், பட்டதை மறையாது எண்ணு என்னும் ஒழுக்கம் இரண்டிற்கும் பொதுவானது.

துப்பாக்கி எம் மண்ணில் கற்பித்தவை யாவும் கசப்பானவை. காகிதத்தைத் துளைத்த ஒரு தாளிலிருந்து ஒரு நல்ல பாடம் எமக்குக் கிடைக்குமாயின் அதனையும் ஏற்றுக்கொள்வோம். வள்ளுவர் கூறிய மழைபோல, உண்பார்க்கு உணவாக்கும் அறிவையே நம் கல்லூரி என்றும் பொழிக. அதன் மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அவசர முடிவு தவிர்த்து, ஆராய்ந்து தெளியும் அறிவுடையோராய் நீடு வாழ்க.